தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும்

துர்க்கு, பின்லாந்து
மே 14

அன்புள்ள அம்மாவுக்கு மஃபால்டாவின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? நான் நலம்.

ஒரு சின்னச் செய்தி. திங்களன்று சந்தையியல் தேர்வுக்குப் போனேன். பட்டியலில் என் பெயர் இல்லை. நம் ஊர் விசேவு கல்லூரியில் பாடத்தில் சேர்ந்தாலே தேர்வும் அதில் அடக்கம். இங்கே ஒரு வாரம் முன்பே தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டுமாம். கண்காணிப்பாளர் கோபப்படவில்லை. "ஆகஸ்ட்ல மறுதேர்வு இருக்கும்மா, அப்ப வந்து எழுது," என்றார். நம் கல்லூரியோ பட்டம் தர ஜூனுக்குள் மதிப்பெண் கேட்கிறது.

நான்கு மாதம் என்னோடு ஒரே மேசையில் குழுவேலை செய்த வீவியிடம், "நீங்க எல்லாரும் பதிஞ்சப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீ கேக்கலையே. உன் விஷயத்துல நான் எப்படி மூக்க நுழைக்கிறது?"

அவளுக்கு உண்மையிலேயே வருத்தம். இங்கே மரியாதை என்றால் அதுதான். இந்த நான்கு மாதத்தில் என் அறைக் கதவையும் யாரும் தட்டியதில்லை.

ஜூனுக்குள்ளேயே தேர்வெழுத விடும்படி இங்கே மனு கொடுத்திருக்கிறேன். விதி தளர்ந்ததாக அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. அடுத்த ஆண்டு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கான குறிப்பில் இதை நீயே எழுதித் தா என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

நம் கடைக் காப்பித்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். கூடவே உங்கள் கையெழுத்தில் எதையாவது வையுங்கள், மளிகைப் பட்டியலானாலும் சரி.

தபால்காரர் வரும் நேரம். ஜூலையில் என் பட்டமளிப்பு விருந்துக்கு இடம் சொல்லி வைத்திருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் நானே சொல்கிறேன்.

மஃபால்டா