உன் அம்மாவின் வண்டிக்குள் இருந்த குழாய்த் துண்டுகள்

இன்வர்கார்கில்,
ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள ஷோனாவுக்கு,

போனில் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது, அதனால்தான் எழுதுகிறேன், தொந்தரவாக இருந்தால் மன்னித்துவிடு. நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், பெர்த் வெயில் உன்னை ரொம்ப வாட்டாமல் இருக்க வேண்டும். தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவின் வலது கைக்கு ஓய்வு, வாய்க்கு மட்டும் இல்லை.

உன் அம்மா இறந்ததிலிருந்து ஷெட்டிலேயே நின்ற அவரது மோட்டார்சைக்கிளை வெளியே எடுத்தோம். கோடைக்குள் நான் அதை ஓட்டிக்கொண்டு நூலகத்துக்கு வேலைக்குப் போக வேண்டும் என்பது உன் அப்பாவின் ஆசை. ரொம்ப நாள் நின்ற வண்டி, முதலில் ஃபோர்க் ஆயிலை மாத்து என்றார். அவர் பால் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார், ஸ்பானர் என் கையில். பட்டதாரியம்மா, பக்கம் புரட்டுற மாதிரி புரட்டாதே, அழுத்திப் புடிச்சுத் திருகு என்று ஒரே கேலி. முன்சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும், ஸ்பிரிங்கும் ஆயிலும் வைத்துக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் இரண்டு ஃபோர்க் குழாய்களையும் உருவி, ஒன்றின் மேல்மூடியைத் திருகினேன். மெதுவா வரும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மூடி துள்ளிப்போய் ஷெட்டின் தகரக் கூரையில் டங்கென்று அடித்தது. பக்கத்து வீட்டு டோரீன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, என்ன அலஸ்டர், புதுப் பெண்டாட்டி துப்பாக்கியால சுட ஆரம்பிச்சுட்டாளா என்று கேட்டாள். உன் அப்பா சிரிக்கவில்லை, இவ்வளவு வேகமாத் துள்ளக் கூடாதே என்றார்.

உள்ளே ஸ்பிரிங்குக்கு மேலே வெள்ளைத் தண்ணீர்க் குழாயில் வெட்டிய ஒரு துண்டு இருந்தது, என் உள்ளங்கை நீளம். இன்னொரு ஃபோர்க்கிலும் அதேபோல். கவிழ்த்தால் ஆயில் கெட்டிப் பாகு மாதிரி இறங்கியது, வெயிலில் கிடந்த மீன் நாற்றம். உன் அப்பா அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், குழாய்த் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அடிப்பாவி, சைடுகாருக்காகப் பண்ணியிருக்கா என்றார். நீ சின்னவளாக இருந்தபோது, வண்டியின் பக்கவாட்டில் மாட்டியிருந்த சைடுகார் தொட்டியில் உட்கார்ந்து போகையில், பிரேக் பிடித்தால் வண்டி முன்னால் குனியும், உன் மோவாய் விளிம்பில் இடித்து ரத்தம் வரும், பிள்ளையை வச்சுக்கிட்டு மெதுவாப் போடி என்று இவர் தினமும் திட்டுவாராம். உன் அம்மா சரி சரி என்றுவிட்டு, இவர் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, தானே ஃபோர்க்கைத் திறந்து, கெட்டி ஆயில் ஊற்றி, ஸ்பிரிங்கை இறுக்க இந்தத் துண்டுகளை வைத்து மூடியிருக்கிறார். வண்டி குனிவது குறைந்தது, உன் மோவாயும் தப்பித்தது. தன் பேச்சைக் கேட்டு மெதுவாக ஓட்டினாள் என்றே இவர் இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறார். தோளைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் சிரித்தார்.

நான் துண்டுகளைத் துடைத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். விளிம்புகளை அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருக்கிறார், விரலை மேலே ஓட்டினால் இரண்டும் ஒரே உயரம், மயிரிழைகூட ஏற்றத்தாழ்வு இல்லை. யாரும் எட்டிப் பார்க்காத இடத்துக்கு இவ்வளவு நேர்த்தி. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவரை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அந்த மேஜை முன்னால் எனக்கு உட்காரத் தோன்றவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

இப்போது சைடுகாரும் இல்லை, எனக்கு அந்த விறைப்பு தாங்காது. கோழிக்குஞ்சு எடைதான் இருக்கே, குழாயைத் தூக்கிப் போட்டுட்டு இளகின ஆயிலா ஊத்து என்று தினமும் சொல்கிறார். நான் பார்க்கலாம் என்கிறேன். காலி ஃபோர்க்குகள் வாயில் ரொட்டிப் பை கட்டியபடி மூலையில் நிற்கின்றன.

நீ நல்ல சுகத்தோடும் மனநிறைவோடும் இருக்க வேண்டும். சுரங்கத்தில் வேலை முடிந்து வந்ததும் பட்டினியாகத் தூங்கிவிடாதே. அப்பாவுக்கு வாரம் ஒருமுறையாவது போன் செய், அவராகக் கேட்கமாட்டார், ஆனால் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உன் அம்மாவின் வண்டியை என் எடைக்கு மாற்றிக்கொள்ளட்டுமா? வேண்டாம் என்றால் துண்டுகளைப் பழைய இடத்திலேயே வைத்து, கெட்டி ஆயிலே ஊற்றி மூடிவிடுகிறேன், அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீயே வந்து ஓட்டுவதாக இருந்தால், உன் எடை என்ன என்று மட்டும் எழுது.

அன்புடன்,
லினெட்