அப்பாவின் துப்பாக்கி என் கடைக்கே வந்தது

லாரல் ஃபோர்க், கென்டக்கி
புதன்கிழமை

அன்பு மகன் கோல்பிக்கு அம்மா லோரீன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிர் வந்ததும் முழங்கால் மட்டும் பிடித்துக்கொள்கிறது. நீயும் மருமகள் ஜென்னாவும் அந்த ஐடஹோ பனியில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் இன்று காலையும் வேண்டிக்கொண்டேன், கோபத்தோடுதான் வேண்டிக்கொண்டேன். இங்கே மழையில் ஓடைப்பாலம் பாதி போய்விட்டது, தேவாலயத்துக்குச் சுற்றிக்கொண்டுதான் போகிறோம். லாரி பேட்டரி செத்துவிட்டது. நாய் உன் பழைய சட்டைமேல்தான் இன்னும் படுக்கிறது, அதற்கு விசுவாசம் இருக்கிறது.

உன்னைப் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றிப்போன வெர்னன் ஹாடிக்ஸ் போன வாரம் நம் துப்பாக்கிக் கடைக்கு வந்தான். இணையத்தில் ஐடஹோக்காரன் ஒருவனிடம் பழைய ரிவால்வர் வாங்கியிருக்கிறேன், உன் கடைக்குத்தான் வரும் என்றான். ஐடஹோவுலதான் என் மகன் இருக்கான், அப்படியே ரெண்டு மூட்டை உருளைக்கிழங்கும் போட்டு அனுப்பச் சொல்லு என்று நான் கேலி பேசினேன். வித்தவன் பேரு என்னவோ பட்டப்பேருதான் போட்டிருக்கான், யாரோடதுன்னு தெரியாது, வீட்ல சும்மா கிடக்குன்னு எழுதினான் என்றான் வெர்னன். சனிக்கிழமை பெட்டி வந்தது. பிரித்தேன். கைப்பிடியின் அடியில் சில்லு பெயர்ந்த இடத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குண்டையெல்லாம் எடுத்துவிட்டு அதன் அடியால் கறுப்பு வால்நட் கொட்டை உடைப்பாரே உன் அப்பா, சுத்தியல் எதுக்கு இருக்கு எஸ்டில் என்று நான் கத்துவேனே, அந்தச் சில்லு. வால்நட் கறைகூட அப்படியே இருக்கிறது.

ஏன்டா, கடை மேசைக்கடியில் விளையாடி வளர்ந்தவன்தானே நீ, உனக்கு இது தெரியாதா? வேற மாநிலத்துக்காரன் விற்கிற கைத்துப்பாக்கியைக் கைக்குக் கை வாங்க முடியாது, வாங்குகிறவன் குடியிருக்கும் மாநிலத்தில் உரிமம் உள்ள ஒரு கடைக்கு வந்து, அந்தக் கடைக்காரர் ஆளை விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும். எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் அங்கே பாய்ஸி நகரத்துத் துப்பாக்கிக் கடையில் அனுப்பச் சொல்லி வைத்துவிட்டு வந்துவிட்டாய். இந்த மாவட்டத்தில் உரிமம் உள்ள கடை நம் கடை ஒன்றுதான். திருடு போயிருக்குமோ, பிள்ளை பயந்துபோய்ச் சொல்லாமல் இருக்கிறானோ என்று உனக்காக நானே வாதாடிக்கொண்டு அந்த பாய்ஸி கடைக்குப் போன் போட்டேன். கோல்பி ஸ்டிடம்னு ஒரு தம்பி, அவரே கொண்டுவந்து கொடுத்தார்மா என்றார் அங்கிருந்தவர். அதற்கப்புறமும் உனக்கு ஒரு வழி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது, அப்பா துப்பாக்கி எப்படி இருக்குடா என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிப் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கும்மா, நேத்துதான் எண்ணெய் போட்டேன் என்றாய். அது என் மடியில் இருந்தது கோல்பி.

விற்றதுகூடப் பரவாயில்லை, கஷ்டம் என்றால் என்னிடம் கேட்டிருக்கலாம், அதை விடு. அதை உன் காரிலேயே வைத்து ஐடஹோவுக்குக் கொண்டுபோனாயே, எப்படி விட்டார்கள் தெரியுமா? உயிரோடு இருக்கிற நான் உனக்குக் கொடுத்திருந்தால்கூட அங்கே ஒரு கடை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். செத்துப்போன தகப்பன் உயிலில் எழுதி வைத்தது என்பதால் மட்டும்தான் நேராக உன் கைக்கு வந்தது. அப்பன் பிள்ளைக்கு வைத்துவிட்டுப் போன பொருள் என்றதும் சட்டமே ஒதுங்கி வழிவிட்டது. நீ அதை யாரோடதுன்னு தெரியாது என்று எழுதினாய்.

திங்கட்கிழமை வெர்னன் வந்தான். அவன்மேல் குற்றம் ஏதும் இருக்கிறதா என்று விசாரிக்க அரசாங்கத்துக்குப் போன் போட்டேன், கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். தடை வந்திருக்கு வெர்னன் என்று ஒரு பொய் சொன்னால் அவன் அப்படியே திரும்பிப் போயிருப்பான். ஒரு குடும்பத்துக்கு ஒரு பொய்யன் போதும் என்று விட்டுவிட்டேன். எனக்கே கொடுத்துவிடு என்று கேட்டால் அந்த நல்ல மனுஷன் கொடுத்திருப்பான், ஆனால் யாருடையது, விற்றது யார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஊரெல்லாம் உன் பெயர்தான் நாறும். வாயை மூடிக்கொண்டு என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த மடப்பய இத வச்சுக் கொட்டை உடைச்சான் லோரீன், கறையப் பாரேன் என்று சிரித்தான். நானும் சிரித்தேன். உன் அப்பாவை மடையன் என்று சொன்னவனோடு சேர்ந்து, அவர் கட்டிய கடையில் நின்றுகொண்டு சிரித்தேன். உன்னை மன்னித்துவிடுவேன், பெற்றவளுக்கு வேறு வழியில்லை. அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பனியில் காரை மெதுவாக ஓட்டு. ஜென்னாவுக்கு இருமல் விட்டுப்போகாவிட்டால் டாக்டரிடம் காட்டு, தேனை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதே. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும், ஆண்டவர் உங்கள் வீட்டுக்குக் காவல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் பண்ணு, மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அப்பா துப்பாக்கி எப்படி இருக்கு என்று மட்டும் கேட்பேன்.

உன் அம்மா,
லோரீன் ஸ்டிடம்