37ஆம் மனையின் பச்சைப் புல்

14.5.06, ஞாயிறு

அக்னி வெயில். குடை எடுக்க மறந்து போனேன். மூக்கு நுனி தோல் உரிகிறது.

காலை 9க்குத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வேன். மண்ணிவாக்கம் தாண்டி நம் லேஅவுட். ஐந்து பார்ட்டி. நாலு பேர் மோர் குடித்துவிட்டு "சொல்றோம் மேடம்". மூன்று மாதமாக இதே 'சொல்றோம்'தான். பத்து வருஷம் எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு வாய் ஜாலம் எங்கிருந்து வரும்? ஊரே செல்போன் வாங்கிவிட்டது, பூத்தை மூடினேன். போன் பேச வந்தவர்கள் எல்லாம் "வாடகைக்கு வீடு இருக்கா"ன்னு என்னிடம்தான் கேட்பார்கள். அந்தத் தைரியத்தில் இந்த மனை விற்கும் தொழில்.

ஐந்தாவது பார்ட்டி குரோம்பேட்டை. ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், மனைவி சரோஜா அம்மா. பையன் ரவி அமெரிக்காவில். மேற்குப் பார்த்த மனை கேட்டார்கள். 37ஐக் காட்டினேன். லேஅவுட் முழுக்கக் காய்ந்து கிடக்க, அதன் பின் மூலையில் மட்டும் பச்சைப் புல். "மண்ணைப் பாருங்க சார், எவ்ளோ செழிப்பு"ன்னு அளந்து விட்டேன். நானாகக் கண்டுபிடித்த பாயிண்ட். சார் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தார். 24ஆம் தேதி பத்திரப் பதிவு.

என் முதல் மனை! வேனில் யாரும் பார்க்காமல் அழுதேன்.

15.5.06, திங்கள்

செய்ய வேண்டியது:
- வில்லங்கச் சான்று நகல் சாருக்கு
- விசிட்டிங் கார்டு 100
- செருப்பு தைக்க
- ரவிக்கு லேஅவுட் பிளான் அனுப்ப (கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டரில்.)

பிரவுசிங் சென்டர் நடத்தும் நிர்மலா ஸ்கேன் பண்ணி அனுப்பித் தந்தாள். எனக்கென்று ஒரு இமெயிலும் போட்டுக் கொடுத்தாள். எனக்கு முகவரி இருக்கிறதாம், தபால்காரருக்கே தெரியாத முகவரி.

16.5.06, செவ்வாய்

இன்று பார்த்ததை எப்படி எழுதுவது.

ரவியிடமிருந்து இமெயில் என்று நிர்மலா கூப்பிட்டாள். அவர் சொல்லியிருந்தபடி எதையோ திறந்தாள். பூமி. உருண்டை. அப்படியே சுற்றியது. பிறகு விழ ஆரம்பித்தோம், நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கடற்கரை. மெட்ராஸ். ரயில் பாதை. தாம்பரம்! பட்டை பட்டையாக, மெதுவாக வந்தது. யார்டில் ரயில் பெட்டிகள் தீப்பெட்டி மாதிரி. பிறகு எங்கள் தெரு, பூத்துக் கூரையில் நான் கட்டிய நீலத் தார்ப்பாய். ஒழுகுகிறதே என்று நானே ஏணி போட்டு ஏறிக் கட்டியது. அதை வானத்திலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் புல்லரித்தது. "அக்கா, வாயை மூடுங்க"ன்னு நிர்மலா சிரித்தாள்.

அப்புறம் நம் சைட். லேஅவுட் போடுவதற்கு முந்தைய படமாம், வெறும் வயல். ரவி அதன் மேல் நம் பிளானைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார். 37இன் பின் மூலையில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளி.

"ஆன்ட்டி, இது என்ன? கிணறா? அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. நீங்க பாத்துச் சொல்லுங்க."

பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத் தெரிகிறது. அந்தப் புல் மேலேயே நின்ற எனக்குத் தெரியவில்லை.

17.5.06, புதன்

தனியாக சைட்டுக்கு. பஸ், பிறகு நடை. வாட்ச்மேன் வாயிலிருந்த பீடியைக் கூட எடுக்காமல் சொன்னார்:

"கெணறுதான். நல்ல தண்ணி. போன வருசம் இடிச்ச வூட்டு ரப்பீஸ் பத்து லோடு கொட்டி மூடிட்டாங்கோ. என்னாண்ட யாரு கேட்டா?"

புல் ஏன் பச்சை என்று இப்போது புரிகிறது. செழிப்பாம் செழிப்பு. மூடின கிணற்றின் ஈரத்தைக் காட்டி மனை விற்றிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

லேஅவுட் கம்பெனி மேனேஜரிடம் போனேன். அவர் அசரவில்லை. மர நிழல் என்று பதில் போடச் சொன்னார். மூடின கிணறு தோஷம், வெளியே தெரிந்தால் பக்கத்து மனைகளும் போகாது என்றார். "உங்களுக்கு முதல் பார்ட்டி. யோசிச்சுக்கோங்க."

18.5.06, வியாழன்

தலைவலி. கரண்ட் இல்லை, மூன்று மணி நேரம். கத்தரிக்காய் குழம்பு தீய்ந்தது.

பதில் போடவில்லை. 'மர நிழல்' ரெண்டே வார்த்தை. நிர்மலாவிடம் சொன்னால் அரை நிமிஷத்தில் அடித்துவிடுவாள். அவர்கள் வீடு கட்டி, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கினால்? சார் கணக்கு வாத்தியார், பென்ஷன் பணம் முழுக்க இதில்தான்.

சொன்னால் பார்ட்டி போச்சு. சொல்லாவிட்டால் நான் போச்சு. தூக்கம் வரவில்லை.

19.5.06, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு குரோம்பேட்டை. தெருவில் தண்ணி லாரி, குடங்கள் வரிசை. சரோஜா அம்மா வரிசையில் நின்றிருந்தார். முட்டியில் கட்டு. ரெண்டு குடம் நான் தூக்கி வந்தேன். தண்ணீர் கேட்காமலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன், புல்லைக் காட்டி நான் அளந்தது உட்பட. அட்வான்ஸைத் திருப்பி வாங்கித் தருவது என் பொறுப்பு என்றேன்.

சார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து படத்தை வாங்கினார்.

"இதுல வடக்கு எது?"

மேல் பக்கம் என்று நிர்மலா சொல்லியிருந்தாள். அம்மா விரலால் மனையைச் சுற்றி வந்தார். மேலே, வலது பக்கம். புள்ளியில் விரல் நின்றது.

"ஏங்க, ஈசானிய மூலைங்க."

கிணறு எந்த மூலையில் வேண்டும் என்று சாஸ்திரம் சொல்கிறதோ, அதே வடகிழக்கு மூலை! மூடின கிணறு, தோஷம் என்று சார் ஆரம்பித்தார். அம்மா விடவில்லை. மூடினதுதான் தோஷம், திறந்தால் என்ன தோஷம் என்று கேட்டார். "இருபத்திரண்டு வருஷமா லாரிக்குப் பின்னால ஓடறேன். இந்த மனையை விட்டா நான் உங்க பையன்கிட்ட அமெரிக்காவுக்குப் போயிடுவேன்."

சார் உடனே கொத்தனாருக்குப் போன் போட்டார். கிணற்றை விட்டுப் பதினைந்து அடி தள்ளி, முன்பக்கமாகக் கட்டினால் பயமில்லை என்றார் அவர்.

நான் குற்றம் சொல்லிக்கொள்ளப் போனவள். ஃபில்டர் காபி கொடுத்து அனுப்பினார்கள். இந்த அம்மாவை நினைத்தால், வானத்திலிருந்து பூமியைப் பார்த்தபோது வந்த அதே புல்லரிப்பு.

20.5.06, சனி

ஈசானியக் கிணறு என்று சொன்னேன். மேனேஜர் இப்போது எல்லாப் பார்ட்டியிடமும் '37 அபூர்வ மனை'ங்கிறார். செருப்பு தைத்தாயிற்று.

24.5.06, புதன்

பத்திரப் பதிவு முடிந்தது. கையெழுத்துப் போடும்போது சார் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார். சாட்சி நான். என் பெயரை எழுதும்போது எழுத்து கோணலாக வந்தது.

அங்கிருந்து நேராக சைட்டுக்கு ஆட்டோ. வாட்ச்மேனும் ஒரு ஆளும் கடப்பாரையோடு காத்திருந்தார்கள். முதல் குத்து அம்மா. செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, யாரோ இடித்த வீட்டின் நீலச் சுவர். முட்டி ஆழத்தில் காய்ந்த தூசி. இடுப்பு ஆழத்தில் மண் நிறம் மாறியது. ஆள் ஒரு பிடி அள்ளி மேலே நீட்டினார். ஈரம். இந்த அக்னியில் ஈரம். அம்மா அதைக் கையில் வாங்கி மூடிக்கொண்டார்.

அப்போது ரவி போன். அவருக்கு அங்கே விடிகிறது. என் செல்போனை அம்மா காதில் நான்தான் பிடித்தேன், அம்மாவின் கை இன்னும் மூடியே இருந்தது. என்ன ஆச்சும்மா, கிணறுதானா என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"இனிமே படம் புதுசா வந்தா பாரு கண்ணா. அந்தப் புள்ளி அங்கயே இருக்கும்."