பவளத்துக்கு யாரும் சொல்லவில்லை

அக்டோபர் 13, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தந்திக் கம்பி எல்லாம் ஈரம். கிள்ளான் பக்கத்துத் தந்திகள் தேய்ந்து தேய்ந்து வந்தன. இரண்டை மறுபடி அடிக்கச் சொல்லி வாங்கினேன்.

செய்ய வேண்டியது: மண்ணெண்ணெய். சட்டைப் பித்தான் இரண்டு. குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுவதற்கு எழுதிக் கொடுக்க. சிவகாமி புடவைகள் — பிறகு.

டீ நேரத்தில் ஹெட் கிளார்க் சாமிநாதனின் பிரசங்கம். எங்கிருந்தோ ஒரு இங்கிலீஷ் புத்தகம் இரவல் வாங்கியிருக்கிறார்.

"நினைப்புங்கிறது என்னய்யா? வாய மூடிக்கிட்டுப் பேசறது, அவ்வளவுதான். சொல்லு இல்லாத எடத்துல நினைப்பும் இல்ல."

லைன்மேன் ஜைனல் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவனைப் பிடித்துக்கொண்டார். "இந்தா பாரு, ஒங்க மலாயில தம்பின்னாலும் அடிக், தங்கச்சின்னாலும் அடிக். அப்ப ஒனக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல லா அண்ணே. ஒரு அடிக் என் சைக்கிள எடுக்கும். ஒரு அடிக் என் சோத்த எடுக்கும். எது எதுன்னு நல்லா தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

பிறகு சாமிநாதன் என் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில்: "அதனாலதான் சொல்றேன், ஒம் பொண்ணு குடுத்து வச்சவ. அம்மா செத்துப்போச்சுன்னு யாரும் அவகிட்ட சொல்லலைல்ல? அப்ப அவளுக்கு அது நடக்கவே இல்ல."

பவளத்துக்கு ஐந்து வயது. கிள்ளானில் சிவகாமியின் அக்கா வீட்டில் இருக்கிறாள். அம்மா கப்பலேறி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறோம். அதில் மட்டும் ஒற்றுமை.

அக்டோபர் 14, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

சாமிநாதன் புத்தகத்துக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. அவரிடம் சொல்ல மாட்டேன். அவருக்கும் தெரிந்த கதைதான், பாதி.

ஆகஸ்டில் அன்றைக்குக் காலை டியூட்டி. சிவகாமி பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்குப் போய் ஒன்பதாம் நாள். இங்கே தாய் வீடு என்று வேறு ஏது. பத்தே காலுக்குக் கிள்ளான் கூப்பிட்டது. எடுத்தேன். காதில் விழுவது கையில் இறங்கும், நடுவில் ஆள் தேவையில்லை, அப்படித்தான் பழக்கினார்கள். அப்படிச் செய்கிறவன்தான் கெட்டிக்காரன். என் பெயர், என் ஆபீஸ் விலாசம், பிறகு "மனைவியும் குழந்தையும் காலை இறந்தனர் உடனே வரவும்". இங்கிலீஷில். நேரம் போட்டேன். ஓரம் கிழித்தேன். பட்டுவாடாத் தட்டில் வைத்தேன். அடுத்த தந்தி ரப்பர் வேகன் எட்டு பற்றி. அதையும் எடுத்தேன்.

அரை மணி கழித்து சாமிநாதன் அந்தக் காகிதத்தோடு என் மேஜைக்கு வந்தார். நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து. ஒரு அடித்தல் இல்லை.

சொல் முழுக்க என் வழியாகத்தான் போனது. நினைப்பு எங்கே இருந்தது?

அக்டோபர் 18, ஞாயிறு

காலை ரயிலில் கிள்ளான். பவளத்துக்குச் சளி. முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணி — சிவகாமியின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவேன் — தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. சகலை பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"தம்பி, கோவிச்சுக்கக் கூடாது. பிள்ளைய என்னை அம்மான்னே கூப்பிடச் சொல்லியிருக்கேன்."

"கூப்பிடறாளா?"

"மொதல்ல பெரியம்மா பெரியம்மான்னுதான் வந்துச்சு. இப்ப சொல்றா. சொல்லச் சொல்ல மனசும் அப்படியே ஆயிடும் தம்பி."

அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாமிநாதன் புத்தகத்தை அவளே எழுதியிருக்கலாம்.

"ஒண்ணே ஒண்ணு. நீங்க வந்துட்டுப் போனா நாலு நாளைக்கு மறுபடியும் பெரியம்மாங்கிறா. ஒரு ஆறு மாசம் வராம இருந்தீங்கன்னா நல்லாப் படிஞ்சிடும். அப்பறம் நீங்க எப்ப வேணா வாங்க, யாரு தடுக்கப் போறா?"

"சரி" என்றேன்.

வாய் சொன்னது. அந்தக் காகிதத்தை எழுதிய அதே கை போல.

முற்றத்திலிருந்து பவளம்: "அம்மா! கோழி உள்ள வருது!" அண்ணி எழுந்து ஓடினாள். இவ்வளவு வேகமாக அவள் ஓடிப் பார்த்ததில்லை.

அக்டோபர் 20, செவ்வாய்

பித்தான் வாங்கவில்லை.

அண்ணி கேட்டதைச் சாமிநாதனிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? பேரு மாறினா ஆளு மாறும். ஆறே மாசம். பழசு தானா அழிஞ்சுடும்."

"எனக்கு அழியலையே."

"ஒனக்கு அந்தச் சொல்லு இருக்கேய்யா."

இருக்கிறதா? யோசித்தேன். கேட்டவர்களிடமெல்லாம் "போயிட்டா" என்றேன். ஜைனலிடம் மலாயில் "இப்போது இல்லை" என்றேன், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். லீவு மனுவில் "குடும்பத் துயரம்" என்று இங்கிலீஷில். மூன்று பாஷை. மூன்றிலும் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை.

சாமிநாதன் சரி என்றால், ஆறு மாதத்தில் சிவகாமி என்று ஒருத்தி பவளத்துக்குள் இருக்க மாட்டாள். என்னிடம் மட்டும் இருப்பாள், சாமான் போல.

அக்டோபர் 25, ஞாயிறு

வெயில். கடைசித் தடவை என்று பவளத்தின் பாக்கித் துணிகளை மூட்டை கட்டி எடுத்துப் போனேன். ரயிலில் முடிவு பண்ணினேன்: அந்தச் சொல்லை நானே கொடுத்துவிடுவது. அழுதால் அழட்டும். அழிவதற்கு முன்னால் அவளிடம் இருக்கட்டும். இதில் அவளுக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு, தெரியவில்லை.

அண்ணி அடுப்படியில். பவளமும் நானும் கிணற்றடியில். அவள் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பவளம், அம்மா எங்க?"

"அடுப்படில."

"அந்த அம்மா இல்ல. நம்ம அம்மா."

கால்விரல் இடுக்கு மண்ணை நோண்டினாள்.

சொன்னேன். "அம்மா செத்துப் போச்சு பவளம்." என் குரலே இல்லை. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அம்மாவோட பாய பெரியம்மா சுருட்டி வெளிய போட்டுட்டாங்க. கப்பல்ல போனா பாய் வேணும்ல? கீழதான படுக்கணும்?"

ஆகஸ்டிலிருந்து தெரிந்திருக்கிறது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல்.

"அப்ப ஏன் பெரியம்மாவ அம்மாங்கிறே?"

"சொல்லலைன்னா அழுவறாங்க." பிறகு என் வேட்டியைப் பிடித்து இழுத்து, காதருகில்: "எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்கப்பா. அதுக்கும் அழுவாங்க."

உள்ளேயிருந்து அண்ணி: "பவளம், அப்பாவுக்கு மோரு கொண்டு போ."

"வரேம்மா!" கணீரென்று. ஒரு தடுமாற்றம் இல்லை.

புறப்படும்போது அண்ணி வாசல்வரை வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அப்ப ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம் தம்பி."

"இல்ல அண்ணி. அடுத்த ஞாயிறு வரேன்."

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? பிள்ள இப்பத்தானே பழகிட்டு வருது."

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பவளம் என்னையே பார்த்தாள்.

"பழகிட்டா அண்ணி. அவ நல்லாவே பழகிட்டா. நான்தான் இன்னும்…"