ஐந்தாவது சுற்றில் உன் இடது கண்

இன்று காலை வெள்ளைச் சட்டையை வாளியில் போடும்போது வாஸலின் வாசம் எழுந்தது. இடது தோளில் இரண்டு கறைகள். ஒன்று நேற்று மாலையுடையது, விரல் வைத்தால் இன்னும் வழுக்குகிறது. இன்னொன்றுக்கு எட்டு வயது. எத்தனை முறை தேய்த்தும் மங்கிய வட்டமாக அங்கேயே இருக்கிறது. அது, குத்துப்பட்டுக் கிழியாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் உன் புருவத்தில் தடவிய வாஸலின். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

நேற்று மறுபடியும் நடுவராக நின்றேன். நீ இறந்துபோன பிறகு முதல் முறை. மெயின்லேண்டிலிருந்து நம் தீவுக்கு வரவேண்டிய நடுவரின் விமானம் மழையில் இறங்க முடியாமல் திரும்பிவிட்டது. மதியம் எனக்குப் போன் வந்தது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரி என்று வந்தது.

நான் குத்துச்சண்டையை விட்டதற்குப் படிப்புதான் காரணம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மை உனக்கு மட்டும் தெரியும். ஹேடோவில் அந்தத் தகரக் கொட்டகையில் நாம் இருவரும் கல்லூரி முடிந்து பயிற்சிக்குப் போன நாட்களில், எதிராளி ஒரு கை தூரத்துக்குள் வந்தாலே என் கால் பின்னால் போகும். நீயோ குள்ளம். தலையை எதிராளியின் தாடைக்குக் கீழே நுழைத்து, விலாவில் குட்டைக் குத்துகளாக இறக்குவாய். "வெளிய நிக்கிறப்பதான்டி பயம். உள்ள போயிட்டா அடிக்க அவளுக்கும் எடமில்ல, பயப்பட எனக்கும் நேரமில்ல" என்பாய். நான் நடுவர் பயிற்சிக்குச் சேர்ந்ததும் அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தாய். "அடி வாங்கப் பயம். அடுத்தவ வாங்குறத பக்கத்துல நின்னு பாக்கப் பயமில்லையா? பாகலாடி நீ, பைத்தியமா?"

மூச்சு வாங்கினால் எதிராளியைக் கட்டிக்கொள்வாய். கிளிஞ்ச். இரண்டு கைகளாலும் அவள் கைகளை அடைத்து, அவள் தோளில் தாடையைச் சாய்த்து, நான் எங்கே இருக்கிறேன் என்று தேடி இடது கண்ணை அடிப்பாய். ரெஸ்ட் எடுக்கிறேன், கவலைப்படாதே என்று அர்த்தம். ரிங்குக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த காலத்திலும் சரி, பயிற்சி ஆட்டங்களில் நடுவராக நின்றபோதும் சரி, அந்தக் கண்ணைப் பார்த்தால் என் பயம் அடங்கிவிடும்.

எட்டு வருடம் முன்பு, உன் தொழில்முறை ஆட்டத்துக்கு நான் நடுவராக நிற்கக்கூடாது என்று அமைப்பாளரிடம் சொன்னேன். "சோட்டா ஜகா ஹை மேடம், சின்ன ஊரு. இங்க யாருக்கு யாரத் தெரியாது? உங்கள விட்டா ஆள் எங்க?" என்று சிரித்தார். அன்று நான் அங்கிருந்து போயிருக்க வேண்டும்.

உன் எதிராளி உன்னைவிட ஒரு சாண் உயரம். நீ உள்ளே போனாய், குத்தினாய், கட்டிக்கொண்டாய். மூன்றாவது சுற்றில் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். "அரே, சஹேலியக் காப்பாத்துறா பாரு, சிநேகிதியாச்சே!" ஒரு வரிசை முழுக்கச் சிரித்தது. அதன்பின் உன்மேல் விழும் குத்துகளைவிட அந்தக் குரலுக்கு நான் அதிகம் பயந்தேன். பிடித்ததற்கு உன்னை இரண்டு முறை எச்சரித்தேன். மற்றவர்களை ஒருமுறைகூட எச்சரித்திருக்க மாட்டேன்.

ஐந்தாவது சுற்றில் அவளுடைய வலது கை உன் நெற்றிப்பொட்டில் பட்டது. நான் உன் முதுகுப்பக்கம் இருந்தேன். சத்தம் மட்டும் கேட்டது. நீ உள்ளே போய் அவளைக் கட்டிக்கொண்டாய். நான் சுற்றி வந்தபோது உன் தாடை அவள் தோளில் இருந்தது. உன் இடது இமை இறங்கியது. கொஞ்சம் தங்கியது. மெதுவாக ஏறியது.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பேர் பார்க்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாளே என்று. "பிரேக்" என்றேன். நீ விடவில்லை. இடையில் கையை நுழைத்துப் பிரித்தேன். மூன்று ஜட்ஜ்களையும் பார்த்து ஒரு விரலைக் காட்டி, உன் கணக்கில் ஒரு புள்ளியைக் குறைத்தேன். கூட்டம் கைதட்டியது. நீ ஒரு கணம் என் தோளில் நெற்றியைச் சாய்த்தாய். நேரம் கடத்துகிறாய் என்று நினைத்து உன்னைத் தள்ளினேன். "போ, ஆடு."

போய் ஆடினாய். அந்தச் சுற்றின் மிச்சத்தையும், ஆறாவது சுற்று முழுவதையும். ஒரு புள்ளியில் தோற்றாய்.

பல நாள் ஊர் அந்த ஒரு புள்ளியைப் பற்றியே பேசியது. நேர்மையானவள் என்றார்கள் சிலர். பொறாமைக்காரி என்றார்கள் சிலர். கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

நான்கு நாள் கழித்து ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் உன் டிக்கெட் கவுன்டருக்கு வந்தேன். கம்பிக்குப் பின்னால், கன்னத்தில் பச்சை வீக்கத்தோடு, நீ ஹேவ்லாக் போகிறவர்களுக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

"வாங்க ரெஃபரி மேடம். ஒன்னாலதான் தோத்தேன், ஒழுங்கா டீ வாங்கிக் குடு."

"நீ ஏன்டி கண்ணடிச்ச? அதான் எனக்குக் கோவம்."

"எப்ப?"

"அஞ்சாவது ரவுண்டுல."

"நான் எங்கடி கண்ணடிச்சேன்?" சில்லறையை எண்ணியபடியே சொன்னாய். "எனக்கு அந்த ரவுண்டே ஞாபகம் இல்ல." பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "பாய்சாப், ஐடி கார்டு திகாவோ" என்றாய்.

அது கண்ணடிப்பே இல்லை என்று புரிந்த அந்த இடத்திலேயே உன்னைக் கவுன்டரிலிருந்து இழுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் டீ வாங்கிவந்து கம்பிக்குள் நீட்டினேன். உன்னை டாக்டரிடம் கூட்டிப்போனால் நான் என்ன செய்தேன் என்பதையும் அவரிடம் சொல்லவேண்டி வரும். அந்தப் பயம்தான். அடி வாங்கும் பயம் எப்போதோ போய்விட்டது, அதன் இடத்தில் இது வந்து உட்கார்ந்துவிட்டது.

பிறகு உனக்குத் தலைவலி வந்தது. துப்பட்டாவை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தாய். கண்ணாடி போட்டுப் பார் என்றேன். மூன்று வருடம் முன்பு உன்னை மருத்துவமனையில் சேர்த்தபோது, மூளையில் ரத்தக்கசிவு, பிபிதான் காரணம் என்றார் டாக்டர். இதற்கு முன் தலையில் பலமாக அடிபட்டதுண்டா என்று உன் அம்மாவிடம் கேட்டார். "விளையாட்டுல அப்பப்போ படும் சார்" என்றார் அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். இனி யாரிடமும் கேட்க முடியாது.

நேற்று ஷாதிபூர்ப் பெண் ஒருத்தி ஆடினாள். உள்ளே புகுந்து ஆடுகிறவள், புள்ளியில் முன்னால் இருந்தாள். நான்காவது சுற்றில் ஒரு கொக்கிக் குத்து அவள் காதருகே பட்டது. எதிராளியைக் கட்டிக்கொண்டாள். நான் சுற்றி வந்தேன். தாடை தோளில். இடது இமை இறங்கியது.

ஏறுகிறதா என்று பார்க்க நான் காத்திருக்கவில்லை. இருவரையும் பிரித்து, அவளை என் தோளோடு அணைத்து, மற்றக் கையைத் தலைக்கு மேல் வீசி ஆட்டத்தை நிறுத்தினேன்.

அவள் என்னைத் தள்ளிய வேகத்தில் கயிற்றில் போய் விழுந்தேன். "நான் நல்லாத்தான இருக்கேன்! ரெஸ்ட் எடுத்தேன் மேடம், ரெஸ்ட்! வேர்வை கண்ணுல போச்சு! பாகலா நீங்க?" தண்ணீர் பாட்டில்கள் ரிங்குக்குள் விழுந்தன. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்கேன் எடுக்காமல் அவளை வீட்டுக்கு விடக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். முடிவு இன்று காலை வந்தது. ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றதும் தரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த போன் வந்தது. வெல்ல வேண்டிய பெண்ணை ஏன் தோற்கடித்தேன் என்று நாளைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். நடுவர் உரிமம் போகலாம். "தொடர்ந்து அடி வாங்கினாள்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, முடிஞ்சிரும்" என்றார் அமைப்பாளர். அவள் தொடர்ந்து அடி வாங்கவில்லை. வாங்கியது ஒன்றுதான். அவளை நிறுத்தியதற்கு என்னிடம் இருக்கும் ஒரே காரணம் நீ.

அதை எழுதினால் உன் அம்மா படிப்பார். ஊர் படிக்கும். டாக்டர் கேட்ட அன்று நான் எங்கே நின்றேன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மதியத்திலிருந்து வெள்ளைத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால்தான் முதலில் உனக்கு எழுதினேன். இப்போது அதே பேனாவால் அவர்களுக்கும் எழுதுகிறேன். உன் ஐந்தாவது சுற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். அம்மாவிடம் அதைக் கொடுக்க நானே போவேன்.

அந்தப் பெண்ணின் கை பட்ட இடம் நெஞ்செலும்பில் கன்றிப்போயிருக்கிறது. மூச்சை இழுத்தால் வலிக்கிறது. தள்ளும்போது அவளுடைய இரண்டு கண்களும் முழுதாகத் திறந்திருந்தன, அவ்வளவு வெறுப்போடு. நீ தள்ளவில்லை. சாய்ந்தாய். அந்தக் கனம் இன்னும் என் இடது தோளில்தான் இருக்கிறது.