தந்தி கொடுக்காத நாட்கள்

அத்தைக்கு நேற்றிலிருந்து சளி. டப்பாவில் தேடி ஒரு துண்டு சுக்கை எடுத்து அம்மியில் வைத்துத் தட்டினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. நான் சுக்குக் காப்பி போடவே மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். யாராவது கேட்டால் உடம்புக்குச் சூடு என்பேன், பித்தம் என்பேன். நீங்கள் மட்டும் ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கொச்சியில் நாம் தங்கியிருந்த லாட்ஜுக்குக் கீழே சுக்கு மண்டி இருந்தது உங்களுக்கும் மறந்திருக்காது.

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. காலையில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவர் வரப்பில் உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. காரியம் எல்லாம் முடிந்து சொந்தபந்தம் கலைந்துவிட்டது. பையன் மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். நான் இன்னும் அழவில்லை. கட்டிப்பிடித்து அழ வந்த பெண்களெல்லாம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அழுகையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு எழுந்து போனார்கள். "இவ அன்னைக்கும் இப்பிடித்தான் கல்லாட்டம் இருந்தா" என்று ஒருத்தி, என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள். விழுந்தது. கோபம்கூட வரவில்லை.

அன்றைக்கு என்று அவள் சொன்னது நம் சாந்தி போனபோது.

சாந்திக்கு அப்போது நாலு வயது. பிறந்ததிலிருந்தே நெஞ்சில் கோளாறு. பாலக்காட்டு டாக்டர் தனக்கு மேலே உள்ளவரிடம் கொண்டுபோகச் சொன்னார். அவர் இருந்தது கோட்டைக் கொச்சியில். ரயிலில் போய், எர்ணாகுளத்தில் இறங்கி, படகில் ஏறினோம். படகு கிளம்பியதும் அவளுக்கு மூச்சிரைப்பே மறந்துபோயிற்று. உங்கள் தோளில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, இது ஆரு ஏரி?" என்று கேட்டாள். நீங்கள் கையால் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆரு ஏரியா இருந்தா என்ன, ஒரு பாத்திக்கு ஆவாது" என்றீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். உங்களுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் குழந்தையோடு ஒருவர்தான் தங்கலாம் என்றார்கள். நான் உள்ளே, நீங்கள் வெளியே. படகுத்துறையில் பீடி குடித்துக்கொண்டு நின்ற ஒரு ஆளிடம் போய், "இங்க நம்ம கொல்லங்கோட்டுப் பக்கத்துக்காரங்க ஆராச்சும் குடியிருக்கறாங்களா?" என்று விசாரித்தீர்கள். அந்த ஆள் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு லாட்ஜ் இருந்த தெருவுக்குக் கை காட்டினார். நம் குடும்பத்தில் அதுவரை யாரும் வெளியூரில் உறவுக்காரர் வீடல்லாத இடத்தில் படுத்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே மாடிப்படி ஏறினீர்கள்.

கடற்கரைக்குப் பின்தெருவில் மஞ்சள் பூச்சு உதிர்ந்த மாடிக் கட்டடம். டச்சுக்காரன் கட்டிய பங்களா என்று மேனேஜர் பெருமையடித்துக்கொண்டார். டச்சுக்காரன் ஒரே கூடமாகக் கட்டியதை இவர்கள் குறுக்கே பலகை அடித்து ஏழெட்டு அறையாக்கியிருந்தார்கள். பலகை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் எல்லோருக்கும் ஒரே கூரை, ஒரே உத்தரம், அதில் புறாக்கள். ஒரு அறையில் தீக்குச்சி கிழித்தால் மற்ற அறைகளுக்கெல்லாம் கேட்கும். நிற்க இடமில்லாத அந்த அறைக்கு ஜன்னல் மட்டும் கோயில் கதவு அளவு இருந்தது. அதைத் திறந்தால் சுக்கு மணம் மூட்டை மூட்டையாக உள்ளே வரும். நான் பகலில் குளிக்கவும் துணி துவைக்கவும் வந்து போவேன். மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மோள்க்கு எப்படி உண்டு?" என்று மகளைப் பற்றிக் கேட்பார். நல்ல மனுஷர்.

சாந்தி ஒரு காலை வேளையில் போனாள். டாக்டர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பால் கேட்டாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

ஊருக்கு எடுத்துப்போக வழியில்லை. படகில் ஏற்ற மாட்டார்கள், ரயிலிலும் முடியாது. ஆஸ்பத்திரி ஆள் ஒருவரோடு நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கம் நமக்கு இல்லை. நான் லாட்ஜ் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மூடிக்கொண்டேன்.

நீங்கள் ஈரத்தலையோடு திரும்பி வந்தீர்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

"ஊருக்குப் போலாமுங்க" என்றேன்.

"நாளைக்குப் போலாம் புள்ள" என்றீர்கள்.

எனக்கு ஊர் வேண்டியிருந்தது. இழவு விழுந்த வீட்டில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். ஒருத்தி ஓய்ந்தால் இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள். அந்த வட்டத்துக்குள் போய் விழுந்துவிட்டால் அழுகை தானாக வரும் என்று எனக்குத் தெரியும். அத்தையின் தோள்மேல் சாய்ந்து ஊரே கேட்கும்படி கத்தவேண்டும். அதற்காக நாளைக்கு, நாளைக்கு என்று காத்திருந்தேன். மறுநாள் காலையிலும் "நாளைக்குப் போலாம்" என்றீர்கள். வீட்டுக்குத் தந்தி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவர் சாயங்காலம்தான் வந்தீர்கள்.

"குடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"ஏனுங்க?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள். உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு உங்கள்மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

நீங்கள் முகம் கழுவ வெளியே போனபோது வராந்தாவில் மேனேஜர் வழக்கம்போலக் கேட்டார். பலகைக்கு இந்தப் பக்கமிருந்து எல்லாம் எனக்குக் கேட்டது.

"மோள்க்கு எப்படி உண்டு?"

"தேவலைங்க. இன்னைக்குக் கொஞ்சம் கண்ணு முழிச்சுப் பாத்தா" என்றீர்கள்.

உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். உள்ளே வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் இருக்கிற முகம்தான்.

அடுத்த அறையில் ஒரு வண்டன்மேட்டுக்காரம்மா இருந்தாரே, நினைவிருக்கிறதா? ஏலத்தோட்டம் வைத்திருந்த குடும்பம். புருஷனுக்குக் கண் ஆபரேஷன் செய்ய வந்திருந்தார். அறையில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று போர்டு இருக்க, அந்தம்மா கட்டிலுக்கடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை ஒளித்து வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். வாசனையைப் பலகை மறைக்குமா? மேனேஜருக்கும் தெரியும். நோயாளிக்குச் சமைக்கிறார் என்று கண்டும் காணாமல் இருந்தார்.

மறுநாள் காலையில் அந்தம்மா கதவைத் தட்டினார். கையில் பிளாஸ்க்.

"ஏத்தா, புள்ளைக்குத் தேவலைன்னு ஒங்க வீட்டுக்காரரு சொன்னது காதுல விழுந்துச்சு. இந்தா, நொய்க்கஞ்சி. எங்க தோட்டத்து ஏலக்காய் ஒண்ணு தட்டிப் போட்ருக்கேன், வாய்க்கசப்புக்கு நல்லாருக்கும். ஆறிப்போறதுக்குள்ள கொண்டு போ தாயி."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் எழுந்து வந்து இரண்டு கையாலும் பிளாஸ்கை வாங்கிக்கொண்டு, "வா புள்ள" என்றீர்கள்.

பழக்க தோஷத்தில் ஆஸ்பத்திரித் தெருவை நோக்கித்தான் நடந்தோம். முக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் கால் நின்றது. பிறகு கடல் பக்கமாகத் திரும்பினோம். சீன வலைகள் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருந்தன. மீன் விற்கிற இடத்தைத் தாண்டி ஒரு இடிந்த சுவரில் உட்கார்ந்தோம். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் நம்மைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். ஊர் சுற்றிப் பார்க்க வந்த புருஷன் பெண்டாட்டி என்று நினைத்திருப்பான்.

நீங்கள் பிளாஸ்கைத் திறந்து மூடியில் கஞ்சியை ஊற்றி என்னிடம் நீட்டினீர்கள்.

"வேண்டாமுங்க."

"எழவு ஊட்டுல அடுப்புப் பத்தவெக்க மாட்டாங்க. ஒறம்பரை சொந்தக்காரங்க கொண்டாந்து குடுக்கறதுதான். குடி."

எழவு என்ற வார்த்தையை நீங்கள் சொன்னது அப்போதுதான். அதுவரை எனக்கு மட்டும்தான் மகள் செத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குடித்தேன். கஞ்சி நன்றாக இருந்தது. சாந்திக்கு ஏலக்காய் பிடிக்கும். மீதியை நீங்கள் குடித்தீர்கள்.

அதற்குப் பிறகு, நான் கேட்காமலே பேசினீர்கள். நம் வாழ்க்கையில் நீங்கள் ஒரே மூச்சில் அத்தனை பேசியது அந்தச் சுவரில் உட்கார்ந்துதான்.

"தந்தி போனா அம்மா படுத்துரும். இப்ப ஊட்டுல அவளுக்குப் பாவாடை தெச்சு மடிச்சு வெச்சிருக்கும். மாரியம்மனுக்கு வேண்டிட்டு இருக்கும். பக்கத்தூட்டுப் புள்ளைக வந்து சாந்தி எப்ப வருவான்னு கேக்கும், நாளைக்கு வந்துருவான்னு அம்மா சொல்லும். அங்க அவ இருக்கறா புள்ள. நாம போய்ச் சொன்னாத்தான் இல்ல. ரெண்டு நா இருந்துட்டுப் போவட்டுமே."

"அப்ப நான் எப்பங்க அழுவறது?" என்று கேட்டேன்.

நீங்கள் வலையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

லாட்ஜுக்குத் திரும்பி, குழாயடியில் பிளாஸ்கைக் கழுவி எடுத்துக்கொண்டுபோய் அடுத்த அறையில் கொடுத்தேன். உள்ளதைச் சொல்லிவிட்டு, அந்தம்மாவின் காலடியிலாவது விழுந்து அழுதுவிடலாம் என்றுதான் போனேன். ஊருக்குப் போக நீங்கள் ரெண்டு நாள் என்றால் ரெண்டு நாள். எனக்கு அந்த நிமிஷமே அழவேண்டியிருந்தது.

"குடிச்சாளா தாயி?" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்தேன். அதில் என் மகள் இருந்தாள். தலையணையில் சாய்ந்துகொண்டு, உதட்டோரம் கஞ்சி வழிய, இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குடிச்சாளுங்க" என்றேன்.

"பூராவுமா?"

"பூராவும்."

அந்தம்மா சிரித்தார். நான் அறைக்கு வந்து கட்டிலில் படுத்தேன். நீங்கள் பலகைக்கு இந்தப் பக்கமிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். உங்கள் துண்டை மடித்து என் தலைக்கு அடியில் வைத்தீர்கள்.

அடுத்த நாளும் கஞ்சி வந்தது. அதற்கு மறுநாள் நீங்களே மூட்டையைக் கட்டினீர்கள். மேனேஜரிடமும் அந்தம்மாவிடமும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள், குழந்தையை எடுத்துக்கொண்டு அப்படியே படகுக்குப் போகிறோம் என்று சொன்னீர்கள். அந்தம்மா ஒரு காகிதப் பொட்டலத்தில் ஏலக்காய் கட்டி என் கையில் திணித்தார்.

ஊரில் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. அத்தை மண்ணில் புரண்டார். பெண்கள் வட்டம் போட்டார்கள். என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அது அந்தப் பலகை அறையிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. "பெத்த வயிறா இது" என்றாள் ஒருத்தி. வாசலில் நின்ற நீங்கள் அவளைப் பார்த்த பார்வையில் அவள் எழுந்தே போய்விட்டாள். அதன்பிறகு நாம் அந்த நாட்களைப் பற்றிப் பேசியதில்லை. பையன் பிறந்தான், கிணறு வெட்டினோம், நெல் விலை ஏறியது, இறங்கியது. நான் உங்களை மன்னித்தேனா என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். பாதி மன்னித்திருந்தேன். மீதிப் பாதி ஏன் மன்னிக்கவில்லை என்று கேட்டால், எனக்கு அழத் தெரியாமல் போனது உங்களால்தான். இப்போது உங்களுக்காக அழ முடியாததும் உங்களால்தான். இதை உங்களிடம் சண்டையாகவே போட்டிருக்கவேண்டும், விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று. வண்டன்மேட்டில் நம் சாந்தி இன்னும் இருக்கிறாள். அந்தம்மாவின் கணக்கில் அவள் வளர்ந்திருப்பாள், ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். யாரும் அங்கே போய்ச் சொல்லவில்லை. வேலை ஓய்ந்த மத்தியான நேரங்களில் நான் அதை நினைத்துக்கொள்வேன். அது நீங்கள் எனக்குக் கொடுத்தது. அதை மட்டும்தான் இத்தனை வருஷமாகக் கைவிடாமல் வைத்திருக்கிறேன்.

சுக்கைத் தட்டிக் காப்பி வைத்து அத்தைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அத்தை குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார். அந்த நேரத்தில் வெளியே படலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது. பொள்ளாச்சிச் சந்தை மாட்டுத் தரகர். ரொம்ப நாளாக இந்தப் பக்கமே வராதவர்.

"ஊட்டுக்காரரு இருக்காருங்களா?"

நான் இப்போது யார் முன்னாலும் வருவதில்லை. உள்ளே நின்றபடியே வாயைத் திறந்தேன்.

"காட்டுக்குப் போயிருக்காருங்க. பொழுது சாயத்தான் வருவாரு."

"செரிங்க, அவசரமில்லீங்க. நான் வந்துட்டுப் போனேன், அவரு கேட்ட மாதிரி ஒரு ஜோடி கெடச்சிருக்குதுன்னு சொல்லீருங்க" என்று மாடுகளின் விவரமெல்லாம் சொன்னார்.

"சொல்றேனுங்க" என்றேன்.

அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தரகர் வந்திருந்தார். நீங்கள் கேட்டிருந்த மாதிரியே ஒரு ஜோடி கிடைத்திருக்கிறதாம். மயிலை நிறக் காளைகள், பல் போடாத இளங்கன்றுகள். வேறு யாருக்கும் காட்டவில்லையாம். அடுத்த வாரம் வந்து பார்க்கச் சொன்னார்.