இரண்டு விரலுக்கு ஒரு சுருதி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மா, உன் மாமா, நான் மூவரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று பதில் போடாதே; அதைப் போனில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் "சூப்பர்வைசர் கூப்பிடறார்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாதே, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "கிட்டாரை யாருக்காவது குடுத்துடுக்கா, இனிமே எனக்கு எதுக்கு?" மரம் அறுக்கிற மெஷினில் இடது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் பாதி போய்விட்டன என்று சொன்னபோதுகூட நீ இப்படிப் பேசவில்லை. "உயிர் தப்பிச்சேனே, அதுவே பெருசு" என்று சிரித்தாய். நானும் உன்னோடு சிரித்துத் தொலைத்தேன். இந்தச் செய்தி வந்த அன்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். இத்தனை வருஷத் தையலில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

கிட்டாரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பீரோ மேலிருந்து இறக்கி, தூசி தட்டி, மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நாம் அடித்த கூத்தெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

ஒரு கிட்டார், இரண்டு பேர். கம்பியை அழுத்துவது உன் வேலை, மீட்டுவது என் வேலை. மீட்டுவதற்கு ஷாம்பூ பாட்டிலை முக்கோணமாக வெட்டித் தருவாய். சுருதியைத் தூக்க வேண்டுமென்றால் கிட்டாரின் கழுத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து ரப்பர் பேண்டால் இறுக்குவோம். பாட்டின் நடுவில் அது பட்டென்று தெறித்து உன் மூக்கில் அடிக்கும். விரல் நுனி காய்த்துக் கெட்டியாகட்டும் என்று நீ பசையைத் தடவிக்கொண்டாயே, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அம்மா வெந்நீரில் ஊறவைத்துத் திட்டிக்கொண்டே பிரித்தெடுத்தாள். நல்ல எதிரொலி வருகிறது என்று குளியலறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வோம். வெளியே வாளியோடு அம்மா நிற்பாள்.

அப்பா இருந்தவரை அவருக்கு இரவு வேலை. பகலில் அவர் தூங்கும்போது சத்தம் வரக்கூடாது என்று கம்பிக்கு அடியில் பழைய துணியை மடித்துச் செருகியிருப்போம். டொக் டொக் என்று அரிசி அளக்கிற மாதிரிதான் கேட்கும். ஒரு நாள் அப்பா கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்து வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். "துணியை எடுத்துட்டு வாசிங்க, அப்படி என்னதான் இருக்குன்னு நானும் கேக்கறேன்" என்றார். கேட்டுக்கொண்டே உட்கார்ந்த வாக்கில் தூங்கியும் போனார். அவர் தூங்கியது பாட்டினாலா களைப்பினாலா என்று நாம் எவ்வளவு நாள் சண்டை போட்டோம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் இடது கையில் அந்த இரண்டு விரல்களையும் மடக்கி, பிளாஸ்திரி போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். உன்னால் முடியுமா முடியாதா என்று நீயும் நானும் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட வாசித்தே பார்த்துவிடலாம் அல்லவா?

முதலில் ஊசி குத்தாமல் விரலில் மாட்டுகிற இரும்புத் தையல் கவசத்தை மடக்கிய விரல் முட்டியில் வைத்துக் கட்டிப் பார்த்தேன், விரல் குட்டையாக இருந்தால் கவசம் நீளத்தைக் கொடுக்குமே என்று. கரண்டியால் சட்டியைச் சுரண்டுகிற சத்தம். உன் மாமா அடுத்த அறையிலிருந்து, "வீட்டுக்குள்ள பாத்திரக்கடை வச்சுட்டியா?" என்றார். பிறகு சைக்கிள் டியூபை வெட்டி உறை தைத்தேன். சத்தம் செத்துப்போனது. பழைய தோல்பை ஒன்றை வெட்டித் தைத்தது பரவாயில்லை, ஆனால் அடிக்கடி நழுவியது. மருந்து பாட்டிலைச் சுண்டுவிரலில் மாட்டிக் கம்பிமேல் இழுத்தேன். நன்றாகத்தான் இழைந்தது, பாட்டில் காலில் விழுந்ததும் அந்த யோசனையும் முடிந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மெஷின்மேல் ஆத்திரம், உன்னை அங்கே அனுப்பிவைத்த எங்கள்மேல் ஆத்திரம். கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தைக்கப் போய்விட்டேன்.

பெடலை மிதிக்கும்போதுதான் நம் ஊர் ஆலைச் சங்கு ஞாபகம் வந்தது. கிட்டாருக்குச் சுருதி சேர்க்கத் தெரியாமல், மதியம் ஊதுகிற சங்கோடு ஒத்துப்போகிற மாதிரி எல்லாக் கம்பிகளையும் முறுக்கியும் தளர்த்தியும் வைத்தோமே! சும்மா ஒரு தட்டு தட்டினால் ஆறு கம்பியும் சேர்ந்து இனிமையாகப் பேசும். ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்து மேலும் கீழும் நகர்த்தியே ஒரு வருஷம் வாசித்தோம். இசைக்கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்து, "இது கிட்டாரா, துணி காயப்போடற கொடியா?" என்று சிரித்தார். அவர் சரியான சுருதி சேர்த்துக் கொடுத்ததும் நமக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்கப்புறம் அந்தத் தப்பை நாம் மறந்தே போனோம்.

அந்தத் தப்பைத் திரும்பச் செய்தேன். இப்போது ஆலையும் இல்லை, சங்கும் இல்லை. காதில் இருந்ததை வைத்து முறுக்கினேன். ஆள்காட்டி விரல் குறுக்கே படுத்தது. அங்கங்கே சுண்டுவிரல் எட்டித் தொட்டது. வந்தது தம்பி! குளியலறையில் நீயே இட்டுக்கட்டினாயே, வார்த்தையே இல்லாத அந்தப் பாட்டு, முக்கால்வாசி வந்துவிட்டது. வாழ்க்கையில் முதன்முதலாகக் கம்பியை அழுத்திய எனக்கே வருகிறது என்றால் உனக்கு வராதா?

இனி எழுதப்போவதற்கு நீ என்மேல் கோபப்படக்கூடாது. நான் வாசித்துக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள்: "அவன் எப்போடி வந்தான்? எங்கிட்ட சொல்லவே இல்ல!" கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். வாசற்படியில் என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. அப்புறம் என் கையைப் பார்த்தாள்.

காயம் ஆறும்வரை அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று நீ கேட்டுக்கொண்டாய். நானும் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. உன் பேச்சு மாறியதிலேயே ஏதோ இருக்கிறது என்று அவள் சந்தேகப்பட்டிருப்பாள்போல; கட்டிய விரல்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்திரியை மெல்லப் பிரித்து, என் இரண்டு விரல்களையும் நீவிவிட்டாள். "அவனுக்கு இந்த ரெண்டுதானா?" என்றாள். நான் தலையாட்டினேன். "இதே கைதானா?" என்றாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. திரும்பக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். நான்தான் அழுதேன். வாசித்து முடிந்ததும், "இப்பவும் வலிக்குதாமா அவனுக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளில் நான் உன்னிடம் அதைக் கேட்கவே இல்லை.

அதை அவளிடம் நீயே சொல். வலித்தால் வலிக்கிறது என்று சொல். லீவு கிடைக்கிறதோ இல்லையோ, கேட்டுப் பார். அம்மா உன் தலையைத் தடவி ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள். தடவுவதை எப்படி எழுதுவது? போனது போகட்டும். மீதி உள்ளதையெல்லாம் பத்திரமாக எடுத்துக்கொண்டு வீடு வந்து சேரடா.

உன்னை இன்னும் அதட்டும் உரிமையோடு,
அக்கா